சந்தியில் நின்றவர்கள்: 'வொட்ச்மென்' சித்திரக்கதையும் அதன் மறு ஆக்கங்களும்

'வொட்ச்மென்' பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முகமூடி மனிதர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். மைக்கறை ஓயாமல் உருமாறும் துணியை முகமாக அணிந்த ரொர்ஷாக், நீல உடலோடு காலம் முழுவதையும் ஒருங்கே காணும் டொக்டர் மன்ஹட்டன், அணு யுத்தத்தைத் தடுப்பதற்காக ஒரு நகரத்தின் பாதியைக் கொன்றுவிடத் துணியும் ஏட்ரியன் வெய்ட் ஆகிய மூவரும் மறக்க முடியாத படைப்புகள்தான். ஆயினும் அந்தப் புத்தகத்தின் உயிர், நியூயோர்க் நகரின் ஒரு சந்தியில் பத்திரிகை விற்கும் வயதான மனிதரிடமும், அவருடைய கடையருகே நிலத்தில் அமர்ந்து காசு கொடுக்காமலே சித்திரக்கதை வாசிக்கும் சிறுவனிடமும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 1986இல் தொடங்கிய அந்தச் சித்திரக்கதையையும், 2009ஆம் ஆண்டுத் திரைப்படத்தையும், 2019ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரையும், 2024இல் வெளிவந்த அனிமேஷன் படங்களையும் அந்தச் சந்தியில் நின்றே மதிப்பிட விரும்புகிறேன். கதையின் முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், இன்னும் வாசிக்காதவர்கள் புத்தகத்தை முடித்த பின்னர் இதற்கு வரலாம்.

எழுதியவர் அலன் மூர்; வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ்; வண்ணம் தீட்டியவர் ஜோன் ஹிக்கின்ஸ். மூவரும் பிரித்தானியர்கள். டி.சி. நிறுவனம் இதனை 1986க்கும் 1987க்கும் இடையில் 12 இதழ்களாக வெளியிட்டுப் பின்னர் ஒரே நூலாகத் தொகுத்தது. 1988இல் இதற்கு அறிவியல் புனைகதைத் துறையின் ஹியூகோ விருது கிடைத்தது. 2005இல் 'டைம்' சஞ்சிகை, 1923க்குப் பின்னர் ஆங்கிலத்தில் வெளிவந்த சிறந்த 100 நாவல்களின் பட்டியலில் இதனையும் சேர்த்தது.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சித்திரக்கதை என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் இரும்புக்கை மாயாவிதான். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழில் வந்தவர் அவர். எங்கள் வீடுகளில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த பிரதிகளில் வாழ்ந்தவர். அந்த மாயாவியும் பிரித்தானியச் சித்திரக்கதைகளிலிருந்து தமிழுக்கு வந்தவர்தான் என்பதோடு, 2005இல் தொடங்கிய 'அல்பியன்' என்ற தொடரில் அவரை மீண்டும் உலவவிட்டுக் கதையை வகுத்தவர் இதே அலன் மூர் என்பதும் எங்கள் வாசகர்கள் அறிந்து மகிழ வேண்டிய செய்தி. ஆகவே 'வொட்ச்மென்' எங்களுக்கு முற்றிலும் அந்நியமான ஓர் ஊரிலிருந்து வரவில்லை. மாயாவியின் சாகசங்களில் திளைத்து வளர்ந்த ஒருவர், இப்படியொரு மனிதன் உண்மையிலேயே ஒரு நாட்டின் அரசியலுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று பிற்காலத்தில் கேட்கக்கூடிய கேள்விக்கு இது விடை தருகிறது.

அந்த விடை இருண்டது. கதை நடக்கும் 1985இல் ரிச்சர்ட் நிக்சன் இன்னும் அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருக்கிறார். டொக்டர் மன்ஹட்டனின் ஆற்றலைக் கொண்டு அமெரிக்கா வியட்நாம் போரை வென்றுவிட்டது. 1977இல் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டம், அரசுக்காக வேலை செய்யாத முகமூடி மனிதர்கள் அனைவரையும் தடை செய்துவிட்டது. அரசின் கையாளாக இருந்த கொமெடியன் என்பவன் தன் வீட்டு யன்னலிலிருந்து வீசிக் கொல்லப்படுகிறான். அந்தக் கொலையைத் துப்பறியப் புறப்படும் ரொர்ஷாக் வழியாகக் கதை விரிகிறது. தொப்பை விழுந்து, தனிமையில் வாடி, பழைய உடுப்பை நிலவறையில் தூசு தட்டிக்கொண்டிருக்கும் நைட் அவுல் போன்றவர்களை நாயகர்கள் என்று அழைப்பதற்கே மனம் தயங்குகிறது.

இனி அந்தச் சந்திக்கு வருகிறேன். பத்திரிகைக் கடைக்காரர் ஓயாமல் பேசுகிறார். போர் வரும் என்கிறார், ரஷ்யாவின் மீது குண்டு போட வேண்டும் என்கிறார், தலைப்புச் செய்திகளைத் தானே எழுதியவர்போல் விளக்குகிறார். சிறுவன் காதில் எதையும் வாங்காமல் ஒரு கடற்கொள்ளையர் கதைக்குள் மூழ்கியிருக்கிறான். முகமூடி மனிதர்கள் உண்மையிலேயே வாழும் உலகில் மக்கள் கடற்கொள்ளையர் கதைகளையே விரும்பி வாசிப்பார்கள் என்பது மூரின் நுட்பமான கற்பனை. உலகம் அழியப்போகிறது என்ற பலகையைச் சுமந்து திரியும் செம்பட்டைத் தலைமுடிக்காரர் ஒருவர் அங்கு வந்து தன் பத்திரிகையை வாங்கிச் செல்கிறார். அவர் யார் என்பதை நாம் பிறகுதான் அறிகிறோம். வாடகைக் கார் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள், கொலையை விசாரிக்கும் இரண்டு பொலிஸ்காரர்கள், சிறையில் ரொர்ஷாக்கைப் பரிசோதித்து அதனால் தன் மன நிம்மதியை இழந்த உளவியல் மருத்துவர் மல்கம் லோங், அவரிடமிருந்து விலகிச் சென்றுகொண்டிருக்கும் மனைவி குளோரியா ஆகிய எல்லோரும் வெவ்வேறு இதழ்களில் அறிமுகமாகி, 11ஆவது இதழில் அந்த ஒரே சந்திக்கு வந்து சேர்கிறார்கள்.

அங்கே ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்களுக்கிடையே கைகலப்பு நடக்கிறது. இதில் தலையிட்டால் தன்னை மறந்துவிட வேண்டும் என்று குளோரியா சொல்லியும் மல்கம் லோங் விலக்கிவிட ஓடுகிறார். பொலிஸ்காரர்களும் ஓடுகிறார்கள். அதே நேரத்தில் கடைக்காரரும் சிறுவனும் தங்கள் இருவருக்கும் பெர்னார்ட் என்ற ஒரே பெயர் என்பதை முதன்முதலாகக் கண்டுபிடிக்கிறார்கள். அடுத்த கணம் வெய்ட்டின் சதி நிறைவேறுகிறது. வேற்றுலகிலிருந்து வந்ததாக உலகை நம்பவைப்பதற்காக அவன் உருவாக்கிய பிரமாண்டமான பிராணி நகரத்தின் நடுவில் தோன்றி வெடிக்க, மில்லியன் கணக்கானோர் இறக்கின்றனர். முதியவர் சிறுவனை அணைத்துக்கொள்கிறார். இரு உருவங்களும் வெண்மையில் கரைகின்றன. உலகத்தைக் காப்பதாகச் சொன்ன பெரும் ஆற்றல் படைத்தவர்கள் அண்டார்க்டிக்காவிலுள்ள வெய்ட்டின் கோட்டையில் வாதம் செய்துகொண்டிருந்தபோது, எந்த ஆற்றலும் இல்லாதவர்கள் தெருவில் ஒருவருக்கொருவர் உதவச் சென்றார்கள் என்பதை மூர் எந்த வசனத்தாலும் அடிக்கோடிடவில்லை. வாசித்து முடித்தவரின் நெஞ்சை அது தானாக வந்து அழுத்துகிறது.

கிப்பன்ஸின் பக்க அமைப்பு இல்லாமல் இந்த அழுத்தம் சாத்தியமாகியிருக்காது. பக்கத்தை வரிசைக்கு மூன்றாக ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, தேவைக்கேற்ப அவற்றை இணைப்பதே நூல் முழுவதற்குமான இலக்கணம். 5ஆவது இதழில் முதற் பக்கத்தின் அமைப்பைக் கடைசிப் பக்கமும், இரண்டாவதன் அமைப்பைக் கடைசிக்கு முந்தியதும் கண்ணாடிபோல் பிரதிபலிக்கின்றன. 4ஆவது இதழில் டொக்டர் மன்ஹட்டன் செவ்வாய்க் கிரகத்தில் அமர்ந்து ஒரு பழைய புகைப்படத்தைப் பார்க்கும்போது, 1959உம் 1985உம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த கட்டங்களாக இருக்கின்றன. காலம் முழுவதையும் ஒரே பார்வையில் காணும் அவனுடைய நிலையை, பக்கத்தைத் திறந்த வாசகரும் அடைகிறார். இப்படி 11 இதழ்கள் கட்டங்களுக்குள்ளேயே நம்மைப் பழக்கிவிட்டு, 12ஆவது இதழின் தொடக்கத்தில் அடுத்தடுத்து ஆறு பக்கங்களைக் கட்டமே இல்லாத முழுப் பக்கப் படங்களாக வைக்கிறார்கள். அவற்றில் பேச்சு இல்லை; சடலங்கள் மட்டுமே. அந்தச் சடலங்களுக்குள் எமக்குத் தெரிந்த முகங்களைத் தேடுகிறோம். அந்தத் தேடலுக்காகவே முந்திய 11 இதழ்களும் எழுதப்பட்டன என்று நான் நம்புகிறேன்.

கிழக்கிலங்கையில் இருந்து வாசிக்கும் ஒருவர் இந்த ஆறு பக்கங்களை வெறும் கற்பனையாகக் கடந்துபோக முடியாது. 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதையும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்படக் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டதையும் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரும் மாவட்டம் இது. அவற்றுக்கெல்லாம் ஏதோவொரு பெரிய நோக்கம் காரணமாகச் சொல்லப்பட்டது; எதிர்காலத்தின் பெயரில் நியாயம் பேசியவர்கள் எல்லாப் பக்கங்களிலும் இருந்தார்கள். வெய்ட்டின் கணக்கு சரியா பிழையா என்று மேலைநாட்டு விமர்சகர்கள் தத்துவப் பாடம்போல் விவாதிப்பதை வாசிக்கும்போதெல்லாம், கணக்குக்குள் அடக்கப்பட்டவர்களின் பெயர்களை முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரு நூலை எப்படி இவ்வாறு வாசிக்க முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெர்னார்ட் என்ற பெயரைக் கடைசிக் கணத்தில் இரண்டு முறை உச்சரிக்க வைத்ததே மூர் அளித்த தீர்ப்பு.

குறைகளும் உண்டு. சில்க் ஸ்பெக்டர் என்ற ஒரே பெயரில் அடுத்தடுத்து நாயகிகளாக வந்த தாயும் மகளும் பெரும்பாலும் ஆண்களுடனான உறவுகளின் வழியாகவே வரையப்படுகிறார்கள். தாய் சாலி தன்மீது பாலியல் வன்முறைக்கு முயன்ற கொமெடியனைப் பின்னர் விரும்பினாள் என்ற பகுதி, மனித மனத்தின் சிக்கலைச் சொல்ல முயன்றாலும், அதற்குத் தேவையான இடம் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. முதல் 11 இதழ்களின் இறுதியிலும் வரும் உரைநடைப் பகுதிகள் சிலருக்குச் சலிப்பைத் தரலாம். ஆனால் முதல் நைட் அவுலான ஹொலிஸ் மேசனின் தன்வரலாற்றைத் தாண்டிச் செல்பவர் பாதிக் கதையை இழக்கிறார்.

ஸக் ஸ்னைடர் இயக்கிய திரைப்படம் 2009 மார்ச்சில் வெளிவந்தது. ஏறத்தாழ 130 மில்லியன் டொலர் செலவில், கிப்பன்ஸின் கட்டங்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எடுத்ததுபோல் காட்சிகள் அமைந்துள்ளன. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஜக்கி ஏர்ல் ஹேலியின் ரொர்ஷாக்கைவிடப் பொருத்தமான ஒருவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. சிறையில் முகமூடியின்றி அவர் பேசும் காட்சிகளில் அந்தக் குரலே ஒரு காயமாக இருக்கிறது. பொப் டிலனின் பாடலோடு 1940களிலிருந்து நாயகர்களின் வரலாற்றை அசையாப் படங்கள்போல் ஓடவிடும் தொடக்கப் பகுதி, திரைப்படம் தன் சொந்த மொழியில் பேசிய அரிதான இடம். டொக்டர் மன்ஹட்டனின் செவ்வாய்க் கிரகப் பகுதியும் நன்றாகவே வந்திருக்கிறது.

ஆனால் ஒரு கூத்தை அரங்கேற்றுவதற்குக் கிரீடமும் உடுப்பும் ஏட்டில் உள்ளபடி இருந்தால் மட்டும் போதாது; அண்ணாவியார் மத்தளத்தில் பிடிக்கும் வரவுத் தாளத்தில்தான் பாத்திரம் களரிக்குள் உயிரோடு நுழைகிறது. ஸ்னைடரின் படத்தில் உடுப்பு சரியாக இருக்கிறது, தாளம் பிழைத்துவிட்டது. எலும்பு முறியும் சண்டைகளை வேகம் குறைத்து அழகுபடுத்திக் காட்டும்போது, புத்தகம் அருவருக்கச் செய்த வன்முறையைப் படம் ரசிக்கச் சொல்கிறது. தளர்ந்த நடுவயதினர் கட்டுடல் கொண்ட வீரர்களாகிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய இழப்பு அந்தச் சந்திதான். திரையரங்குகளில் ஓடிய 162 நிமிடப் பதிப்பில் கடைக்காரரும் சிறுவனும் ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறார்கள். மல்கம் லோங்கின் வாழ்க்கைக் கதைக்கு இடமில்லை. வேற்றுலகப் பிராணிக்குப் பதிலாக டொக்டர் மன்ஹட்டனின் ஆற்றலைப் போலியாகப் பயன்படுத்திப் பல நகரங்களை வெய்ட் அழிக்கிறான் என்று முடிவை மாற்றியதைப் பலர் குறை கூறினார்கள். கதைத் தர்க்கத்தின்படி அந்த மாற்றம் தவறென்று நான் நினைக்கவில்லை. நகரங்களின் எண்ணிக்கை கூடியும் இறந்தவர்களில் நமக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை என்பதே என் வருத்தம். ஆறு பக்கச் சடலங்களுக்குப் பதிலாக ஒரு பெரிய பள்ளம் மிஞ்சுகிறது. வெய்ட்டின் கணக்கைப் படமே ஏற்றுக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. பின்னர் வட்டுகளில் வந்த 215 நிமிட முழுப் பதிப்பில் பத்திரிகைக் கடைக் காட்சிகளும் கடற்கொள்ளையர் கதையின் அனிமேஷனும் சேர்க்கப்பட்டுள்ளன. நீளம் கூடினாலும் அதுவே பார்க்கத் தகுந்த பதிப்பு.

அலன் மூர் தன் பெயரைப் படத்தில் இடம்பெற அனுமதிக்கவில்லை. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைத்தவர்களுக்கே திரும்பும் என்பது ஒப்பந்தம். புத்தகமோ அன்றிலிருந்து இன்றுவரை அச்சில் இருந்துகொண்டே இருக்கிறது. வெற்றியே ஒரு படைப்பாளியிடமிருந்து அவருடைய படைப்பைப் பறித்துக்கொண்டது என்பது வேதனையானது. மறு ஆக்கங்களை விரும்பிப் பார்க்கும் என்னைப் போன்றவர்கள் இதை மனதில் கொண்டே பார்க்க வேண்டும்.

டேமன் லிண்டெலொவ் உருவாக்கிய எச்.பி.ஓ. தொடர் 2019 ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை ஒன்பது அத்தியாயங்களாக ஒளிபரப்பாகி, அடுத்த ஆண்டு 11 எமி விருதுகளைப் பெற்றது. இது சித்திரக்கதையை மீண்டும் சொல்லவில்லை. அதில் நடந்தவை யாவும் நடந்து முடிந்து 34 ஆண்டுகளுக்குப் பின்னர், ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில் தொடங்குகிறது. இல்லை, அதற்கும் முன்னால், 1921இல் அதே நகரின் கிரீன்வூட் பகுதியில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கும்பலால் கொல்லப்பட்டு, வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட உண்மைச் சம்பவத்தோடு தொடங்குகிறது. அமெரிக்காவிலேயே பலர் அந்தப் படுகொலையைப் பற்றி இத்தொடரின் மூலம்தான் முதன்முதலில் அறிந்தார்கள். ரெஜினா கிங் நடித்த ஏஞ்சலா, தன் பாட்டனின் நினைவுகள் அடங்கிய மாத்திரைகளை விழுங்கி, அவருடைய வாழ்க்கையைத் தானே வாழ்ந்து பார்க்கும் 6ஆவது அத்தியாயம் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் அமைந்தது. புத்தகத்தில் முதல் முகமூடி மனிதனாக வந்துபோகும் ஹூடட் ஜஸ்டிஸ் ஏன் கழுத்தில் தூக்குக் கயிற்றை அணிந்திருந்தான் என்பதற்கு மூர் விடை தரவில்லை. அவன் தூக்கிலிடப்பட்டு உயிர் தப்பிய ஒரு கறுப்பினப் பொலிஸ்காரன் என்று இத்தொடர் சொல்லும்போது, புதிதாக ஒன்றைச் சேர்த்ததாகத் தெரியவில்லை. முதலிலிருந்தே அங்கு இருந்த ஒன்றைக் கண்டெடுத்ததாகவே தெரிகிறது.

என்னை மிகவும் பாதித்தது 5ஆவது அத்தியாயம். டிம் பிளேக் நெல்சன் நடித்த லுக்கிங் கிளாஸ் என்ற பொலிஸ்காரர், வெய்ட்டின் பிராணி வெடித்த 1985 நவம்பர் 2ஆம் திகதி இரவு நியூயோர்க்கிற்கு எதிர்க்கரையில் இருந்த ஒரு களியாட்டத் திடலில் நின்று உயிர் தப்பிய இளைஞன். நடுவயதிலும் அவர் தொப்பிக்குள் பாதுகாப்புத் தகடு வைத்துக்கொள்கிறார். எச்சரிக்கை ஒலி கேட்டால் வீட்டுக்குப் பின்னாலுள்ள பதுங்குகுழிக்கு ஓடி, எத்தனை விநாடி எடுத்தது என்று பார்க்கிறார். தன்னைப் போன்றவர்களை ஒன்றுகூட்டிப் பேசவைக்கிறார். 2004 சுனாமியில் நாவலடியும் கல்லடியும் கல்லாறும் இழந்தவற்றை அறிந்தவர்கள், இந்நாட்டில் மிக அதிக உயிர்களை இழந்த அம்பாறைக் கரையோரத்தவர்கள், 2012 ஏப்ரல் 11ஆம் திகதி மீண்டும் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது மக்கள் கடலுக்கு முதுகு காட்டி ஓடியதைக் கண்டவர்கள் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள எந்த விளக்கமும் தேவையில்லை. புத்தகம் இறந்தவர்களுக்குப் பெயர் கொடுத்தது. தொடர் தப்பியவர்களுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தது. ஆகவேதான் ஒரு கட்டத்தைக்கூட நகலெடுக்காத இந்தத் தொடர், எல்லாக் கட்டங்களையும் நகலெடுத்த திரைப்படத்தைவிட அந்தச் சந்திக்கு அருகில் நிற்கிறது என்று சொல்கிறேன்.

இத்தனை புகழ்ந்த பின்னரும் கடைசி இரண்டு அத்தியாயங்களின் அவசரத்தை மறைக்க விரும்பவில்லை. வியட்நாம் அமெரிக்காவின் ஒரு மாநிலமாக்கப்பட்டது என்ற வலிமையான சிந்தனையைத் தொடங்கிவிட்டு, அந்நாட்டு மக்களின் பக்கத்தைச் சொல்லாமலே முடித்துவிட்டார்கள். வெய்ட்டாக ஜெரமி அயர்ன்ஸ் வரும் பகுதிகள் நடிப்பால் சிறந்தாலும் மிக நீண்டவை.

2024இல் ஓகஸ்ட்டிலும் நவம்பரிலும் இரு பகுதிகளாக வந்த அனிமேஷன் படங்கள் புத்தகத்தின் முடிவை மாற்றவில்லை. சந்திக்கும் திரைப்படத்தைவிட அதிக இடம் கொடுக்கின்றன. முகங்களில் அசைவு குறைவாக இருப்பதால் உணர்ச்சி தேங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் கதையை ஒழுங்காக அறிமுகம் செய்யும் என்ற அளவில் பயனுள்ளவை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மட்டக்களப்பு நகரக் கடைகளில் இத்தகைய தொகுப்புகள் கிடைப்பது அரிது. கொழும்புப் புத்தகக் கடைகளிலிருந்தோ இணையம் வழியாகவோ வரவழைக்க வேண்டும், விலையும் குறைவில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் மின்பதிப்பில் வாசிக்க வேண்டாம். ஒன்பது கட்டங்களையும் ஒருசேரக் காணாதவருக்கு இந்த நூலின் பாதி தெரியாது. குறைந்தது ஒரு பெரிய திரையில் முழுப் பக்கமாகப் பாருங்கள். நண்பர்கள் சேர்ந்து ஒரு அச்சுப் பிரதியை வாங்கிச் சுற்றுக்கு விடுவது அதைவிட நல்லது. ரொர்ஷாக்கின் நாட்குறிப்பு சிறு சிறு வாக்கியங்களால் ஆனது. உயர்தர ஆங்கிலம் படித்தவர்கள் எளிதில் பின்தொடரலாம். கடற்கொள்ளையர் கதையின் மொழி பழமையானது, அங்கே நிதானம் தேவை. பாலியல் வன்முறையும் ஒரு சிறுமியின் கொலையும் இடம்பெறுவதால் பாடசாலைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது. சித்திரங்கள் இருப்பதால் சிறுவர் புத்தகம் என்று எண்ணிப் பரிசளிப்பவர்களுக்காக இதனைச் சொல்கிறேன். முதலில் 12 இதழ்களையும் உரைநடைப் பகுதிகளோடு வாசியுங்கள், அடுத்துத் தொடரைப் பாருங்கள். திரைப்படத்தைப் பார்ப்பதானால் 215 நிமிடப் பதிப்பையே தேடிப் பிடியுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் தொடக்கப் பாடலையும் ரொர்ஷாக்கின் சிறைக் காட்சிகளையும் மட்டும் பார்த்தாலும் போதும்.